ஆடி மாதத்துக் குடித்தனம்

அக்கா,

நேற்று பெரிய மார்க்கெட்டில் நனைந்த தேங்காய் நார்க் கயிற்றைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும் காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். "நவுருங்கம்மா, வழியில நிக்காதீங்க" என்று ஒரு சுமைக்காரன் அதட்டினான். வேறு நாளாக இருந்தால் அவனுக்குச் சரியாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். நேற்று நான் தேங்காய்த்திட்டுக் கரையில், அப்பாவின் பாய்மரப் படகில், உன்னோடு இருந்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன அடுத்த வருஷம் அது. நாம் வாடகைக்கு இருந்த வீட்டை விற்றுவிட்டு வீட்டுக்கார முசியே பிரான்சுக்குக் கப்பலேறினார். வாங்கியவர்கள் ஆனிக்குள் காலி செய்யச் சொன்னார்கள். லாஸ்பேட்டையில் நீ மில் கூலியில் எழுப்பிய மண்சுவருக்குக் கூரை வேய்ந்து முடிப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் புதுவீட்டுக்குக் குடிபோவார்கள்? அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்துபோயிருந்தார்கள். இன்னொரு கெட்டதைத் தாங்க உனக்குத் தெம்பில்லை.

இதற்காகவே காத்திருந்தாற்போல் பெரியப்பா வந்தார். "வூடில்லாம ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு என்னா பண்ணுவ? பையன நான் கூட்டிக்கினு போறேன். சின்னவ கடலூர் அத்தை வூட்ல இருக்கட்டும்."

அத்தை வீட்டில் மாட்டுக்கொட்டகைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது நமக்குத் தெரியாதா? எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஐந்து. ஒருமுறை பிரிந்தால் மறுபடி ஒரு வீட்டில் சேர மாட்டோம் என்று எனக்கே புரிந்தது.

"ஆடி முடியறவரைக்கும் அப்பா படகுல இருந்துக்கறோம் பெரிப்பா" என்றாய்.

பாயை அவிழ்த்துக் கூடாரமாகக் கட்டினாய். அண்டா குண்டான்களை மூட்டையாக அடுக்கினோம். காலையில் நீ மில்லுக்கு. மாலையில் லாஸ்பேட்டைக்கு நடந்துபோய் மூன்று பேரும் தரையைத் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டியாக்கினோம். தண்ணீர் ஏறி இறங்கும்போதெல்லாம் படகு சாய்ந்து சோற்றுப்பானை என் மடியை நோக்கி நகரும். இதெல்லாம் ஒரு வீடா என்று நான் அழுததற்கு, "அழறதுன்னா அழுதுக்கினே அந்த வெங்காயத்த உரி" என்றாய். எனக்கு உன்மேல் அப்படியொரு ஆத்திரம்.

முதல் நாள் காலையிலேயே ஒரு தப்பு நடந்திருந்தது. தம்பி பாலுக்கு அழுதான். பாத்திரங்களெல்லாம் மூட்டைக்குள். வெளியே இருந்தது, புதுவீட்டில் பால் காய்ச்ச வாங்கிய புதுப்பானை ஒன்றுதான். அவசரத்தில் அதையே அடுப்பில் ஏற்றினாய். பால் பொங்கி வழிந்தது. "இன்னாடி, ஆடியில பால் பொங்க வுட்டுட்டியே, குடிபோனாப்புல ஆயிடுச்சே" என்று பக்கத்துப் படகுக்காரி வாயில் கை வைத்தாள். நீ நாக்கைக் கடித்துக்கொண்டாய். செய்தி ஊருக்குள் போய்விட்டது.

நடு ஆடியில் தம்பிக்குக் காய்ச்சல். பெரியப்பா மாட்டுவண்டியோடு வந்து கரையில் நின்றார். "படகுல பால் பொங்க வுட்டீங்களாமே. ஆடியில குடிபோன தோஷம் புள்ளையப் புடிச்சிக்கிச்சி. குடு அவன."

நீ தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பலகை மேல் வந்து நின்றாய்.

"பால் பொங்குனா குடிபோனதுதானே பெரிப்பா?"

"ஆமா, பின்ன?"

"அப்ப எங்களுக்கு வூடு இருக்கிது. வூடில்லாத புள்ளைங்களத்தானே கூட்டிக்கினு போறேன்னீங்க? வண்டிய திருப்புங்க."

பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே மாட்டைத் திருப்பினார். வண்டி மறைந்த பிறகுதான் நீ உட்கார்ந்தாய். கஷாயத்துக்குக் காய்ச்சல் இறங்கியது. ஆவணியில் மூன்று பேரும் ஒன்றாகவே லாஸ்பேட்டைக்குக் குடிபோனோம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைகள் இருவரும் வந்தார்கள். "அப்பா அண்ணன்கிட்ட இருக்கட்டும். நீ எங்கிட்ட வந்துடும்மா. ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல வசதிப்படாது" என்றான் சின்னவன். என் வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் பிடிவாதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அக்கா. "பெட்டி கட்டினா ரெண்டு பேர் துணியும் ஒரே பெட்டியிலதான். இல்லன்னா கட்டவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் போன பிறகு அவர் தட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தார். பிள்ளைகள் போனில் இந்தப் பேச்சை எடுத்ததிலிருந்து இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத மனுஷன், இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.