முதல் பால் ஊற்றியாயிற்று, அப்பா

என் ஆசை அப்பாவுக்கு,

இங்கே வெயில் நீங்கள் இருந்த வருஷத்தைவிடக் கூடுதல். மத்தியானம் தெருவில் நாய்கூட நடமாடுவதில்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வருகிறது. அம்மா ஜவுளிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகவில்லை அப்பா. உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது பத்தாம் வகுப்போடு நின்றது, நின்றதுதான். வருத்தப்படாதீர்கள். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாம் என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

போன சனி, ஞாயிறைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஊருக்கு அது ஒரு சாதாரண சனி, ஞாயிறு.

சனிக்கிழமை காலையில் அம்மாவும் நானும் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனோம். ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். நீங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஊற உட்காரும் கல் முழுசாக வெளியே தெரிந்தது. அதில் யாரோ ஒருவர் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அது எங்கள் அப்பா இடம் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. நான் எங்கே சொல்லப்போகிறேன்? தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

குளித்துவிட்டு அம்மா வேலைக்குப் போய்விட்டாள். வழியில் முருங்கைக்காய் மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னாள். காய்கறிக்கடை அண்ணாச்சியை நினைவிருக்கிறதா? உங்களோடு பேசிப் பேசியே தராசை மறந்துவிடுவாரே, அவர்தான். நான் முருங்கைக்காயை எடுத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"என்ன தாயி, நாளைக்குச் சொதியா? அப்பா போன பொறவு ஒங்க வீட்டுல வைக்கவே இல்லியோன்னு நெனச்சேன்."

உங்கள் தேங்காய்ப்பால் சொதியைத்தான் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவ்வளவுதான். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, இஞ்சி, பச்சை மிளகாய் என்று அவரே பைக்குள் போட்டார். தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்து வைத்தார். எலுமிச்சம்பழத்தைக் கடைசியில் மேலே வைத்தார், நசுங்கிவிடக் கூடாதென்று.

ராத்திரி அம்மா பையைத் திறந்து பார்த்தாள்.

"யாருக்குட்டி இவ்வளவு?"

"அண்ணாச்சி போட்டுட்டாரு."

"அவரு போட்டா, நீ வேண்டாம்னு சொல்ல மாட்டியா? ஒனக்கு வாயி எதுக்கு இருக்கு?" திட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "சொதின்னா திங்கதுக்கு ஆளு வேணும். ஒங்க பெரியப்பா நம்ம வாசல மிதிச்சு எத்தன மாசமாச்சு. தம்பி போனதோட நாமளும் போயிட்டோம்போல."

அதைத்தான் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன் அப்பா. உங்கள் காரியம் முடிந்து போன பெரியப்பா, அதற்குப் பிறகு வரவே இல்லை. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிற மனுஷன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே துணி மடிப்பாள். நமக்கென்று இருந்த ஒரே உறவும் விட்டுப்போயிற்று என்று அவள் முடிவு செய்துவிட்டாள். நானும்தான்.

நீங்கள் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை அடுப்படி உங்களுடையதாக இருந்தது. அம்மாவைக் கிட்டே விட மாட்டீர்கள். சொதிக்கு மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாம் பாலில் கொதிக்கும், முதல் பாலை ஊற்றியதும் கொதிக்கவிடாமல் இறக்கிவிட வேண்டும். மறுபடி சூடு பண்ணினால் திரிந்துவிடும். ஆறிப்போனால் ருசி இல்லை. அதனால் சாப்பிடுகிற ஆள் சரியான நேரத்துக்கு வர வேண்டும். அதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழி நான்தான்.

"கோமு, பால ஊத்தியாச்சு. பெரியப்பாவுக்கு ஒரு ரிங்க விட்டுட்டு கட் பண்ணு தாயி."

"அவுக எடுத்துட்டா?"

"எடுக்க மாட்டாரு. சொதின்னு தெரிஞ்ச பொறவு போன எடுத்துட்டு நிப்பாராக்கும்!"

உங்கள் போனை எடுத்து ஒரு முறை மணி அடிக்கவிட்டு நிறுத்துவேன். பேச வேண்டாம் என்பதால் எனக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும். தெருமுனை திரும்பும்போதே பெரியப்பாவின் சத்தம் கேட்கும். "ஏலே தம்பி, இலையப் போடு!"

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தேங்காய் துருவினாள், நான் பால் பிழிந்தேன். அடுப்பில் நான் நின்றேன். முதல் பாலை ஊற்றி, பைய ஒரு கிண்டு கிண்டி இறக்கினேன். அப்புறம் என்ன செய்வேனோ அதைச் செய்தேன் அப்பா. யோசிக்கவே இல்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் அம்மா சார்ஜ் குறையாமல் வைத்திருக்கிற உங்கள் போனை எடுத்தேன். ஒரு ரிங் விட்டேன். நிறுத்தினேன்.

நிறுத்திய பிறகுதான் உறைத்தது. அங்கே அவர் போனில் யார் பெயர் வந்திருக்கும்?

போனைச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவும் பயம். தெருமுனையில் சத்தம் ஏதும் கேட்கவில்லை. ஆனால் வாசலில் நிழல் தட்டியது. பெரியப்பா நின்றார். அந்த வெயிலில் காலில் செருப்பு இல்லை. சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. கையில் போன்.

"யாரு... யாருட்டி கூப்பிட்டா?"

நான் அடுப்படியைக் காட்டினேன். "சொதி" என்றேன்.

அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. "அந்தப் போன்ல இருந்தா அடிச்ச? ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? அத்தான், அவ சின்னப்பிள்ள, ஒண்ணும் நெனைக்காதிய..."

பெரியப்பா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே வந்து, சுவரோரம் அவர் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். எதிரே உங்கள் இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "ஊத்தும்மா, ஆறிரப்போவுது" என்றார்.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். "எலுமிச்சம்பழம் பிழிஞ்சியா?"

மறந்தே போயிருந்தேன். அண்ணாச்சி அவ்வளவு பத்திரமாக வைத்த பழம் பையிலேயே கிடந்தது.

"ஒங்கப்பன் இருந்தா கரண்டியாலயே போட்டிருப்பான்" என்று சிரித்தார். சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. அம்மா மெதுவாகக் கேட்டாள்: "இத்தன நாளா ஏன் அத்தான் வரல? நாங்க என்ன தப்பு செஞ்சோம்?"

"நீங்க என்னம்மா செஞ்சிய?" இலையைப் பார்த்தபடி சொன்னார். "மணி அடிச்சா வந்தே பழகிட்டேன். ஞாயித்துக்கெழமயானா போன மடியிலயே வச்சிட்டு உக்காந்திருப்பேன். அடிக்காதுன்னு தெரியும். இருந்தாலும் உக்காந்திருப்பேன்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பழத்தை அறுத்துப் பிழிந்தேன். மூன்று பேருமாகச் சட்டியைக் காலி செய்தோம் அப்பா. திரியவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

புறப்படும்போது, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்: "பெரியப்பா, அடுத்த வாரம் அம்மா போன்ல இருந்து கூப்பிடுதேன்."

நின்று திரும்பினார். "வேண்டாம் தாயி. இதுலயே அடி. தம்பின்னு வரட்டும்."

உங்கள் எண்ணைச் சாகவிட மாட்டேன் அப்பா. முதல் பால் ஊற்றியதும் ஒரு ரிங், ஞாயிறு தவறாமல். பெரியப்பா அதை எடுக்க மாட்டார். எடுத்தால்தான் என்ன, இனி பேசிப் பார்க்கிறேன்.

ரிங் விட்டுக் கட் பண்ணும்
உங்கள் மகள்
கோமு