மலையைப் பார்க்காமல் சொன்ன நாலு

இன்று காலை மொட்டை மாடியில் காயப்போட்ட துண்டு ஒரு மணி நேரத்தில் அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது. புரட்டாசி வெயில். மலையில் ஒவ்வொரு பாறையும் தனித்தனியாகத் தெரிந்தது. நம் விளையாட்டுக்குள் மட்டும் மூன்று மாதமாகச் சாரல் நிற்கவில்லை. அதைப் பற்றி உனக்கு எழுதியாக வேண்டும்.

நாம் இருவரும் சேர்ந்து கட்டிய ஆன்லைன் விளையாட்டு அது. ஆளுக்கொரு வேடம் எடுத்து, விவசாயியாகவோ கடைக்காரராகவோ ஒரு கற்பனை ஊரில் வாழலாம். ஆடுகிறவர்கள் நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள். அதற்கு வானிலையை முதலில் எழுதியவன் நான். ஊருக்குள் மழை பெய்ததும் அருவி பெருகும்படி வைத்திருந்தேன். நீ பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

“ஏலே, ஊருக்குள்ள பெய்யுத மழைக்கு அருவியில தண்ணி வருமா? நீ தென்காசிக்காரன்தானா? மலையில பெய்யணும்லே.”

நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியதை ஒரே மூச்சில் அழித்தாய். எனக்கு எரிச்சல்தான். நீ மாற்றி எழுதியபின் விளையாட்டு ஊரில் மேலே மலையில் பெய்யும். கீழே காற்றும் லேசான சாரலும்தான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அருவியில் செந்தண்ணீர் இறங்கும். அசந்து நின்றவர்களை அடித்துக்கொண்டு போகும். ஆடுகிறவர்கள் சண்டைக்கு வந்தார்கள். எச்சரிக்கைக்கு ஒரு விசில் சத்தமாவது வைக்கலாம் என்று கேட்டுப் பார்த்தேன். “குத்தாலத்துல குளிக்கவன் மொதல்ல மலையப் பாக்கணும், அப்புறந்தான் தண்ணிய” என்றாய். ஒரே மாதத்தில் எல்லோரும் மலையைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் பழகிக்கொண்டார்கள்.

மலையில் மேகம் எவ்வளவு என்பதை இணையத்திலிருந்து தானாக எடுத்துக்கொள்ள வழி இருந்தது. நீ ஒத்துக்கொள்ளவில்லை. “அது எங்கேயோ உள்ள வானத்தச் சொல்லுது. நம்ம மலைய அது எங்க பாத்துச்சு?” தினமும் காலையில், வாயில் பல்துலக்கும் பிரஷோடு, உன் குத்துக்கல்வலசை வீட்டு மாடியில் ஏறி மலையைப் பார்ப்பாய். பிறகு ஒரு எண்ணைத் தட்டுவாய். மலை பளிச்சென்றிருந்தால் பூஜ்யம். மலையே தெரியாவிட்டால் ஐந்து. அடுத்த எண் வரும்வரை உள்ளே அதே வானிலை. இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று மனதுக்குள் நினைத்ததுண்டு.

ஆனி மாதம் நீ நெல்லையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். மூன்றாம் நாள் காலை போன் செய்து, “மலை எப்படி இருக்குலே?” என்றாய். நான் போர்வையைக்கூட விலக்கவில்லை. ஆனி மாதத்தில் மேகம் எங்கே போய்விடப் போகிறது? “அப்பிக் கெடக்கு” என்றேன்.

“அப்ப நாலு போடுதேன்” என்றாய். குரலில் சந்தோஷம் இருந்தது.

காப்பியோடு மாடிக்குப் போனபோது மலை கழுவி வைத்தது போல் இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே நீ போய்விட்டாய்.

அந்த நாலை நான் தொடவில்லை. அவன் கடைசியாகப் போட்டது, அப்படியே இருக்கட்டும் என்று எல்லோருக்கும் எழுதினேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அது உன் எண் இல்லை, என் சோம்பல் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பாவூர்சத்திரத்தில் டெம்போ ஓட்டுகிறவர் ஒருவர், விளையாட்டில் மிளகாய் போடுவாரே, நினைவிருக்கும். நேற்று எழுதியிருந்தார்: “அண்ணாச்சி, மூணு மாசமா ஒரு வத்தல் காயல. பாதிப் பேரு ஆட்டத்த விட்டுட்டுப் போயிட்டாவ. அந்த அண்ணாச்சி போட்ட நாலு தப்புன்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும். இங்க பாவூர்சத்திரம் சந்தைக்கு வந்த எல்லாரும் மலையப் பாத்தோம்லா, பளிச்சுன்னு கெடந்துச்சு. பாவம், படுக்கையில கெடந்துகிட்டு அவிய எதையோ போட்டுட்டாவன்னு விட்டுட்டோம்.”

ஒருநாளும் மலையைப் பார்க்காமல் எண் போடாத உன் பேரில் அல்லவா அந்தத் தப்பு மூன்று மாதமாக நின்றிருக்கிறது. படித்ததும் வெட்கமாக இருந்தது.

இன்று துண்டை எடுக்கப் போனவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று மலையைப் பார்த்தேன். கீழே வந்து பூஜ்யம் போட்டேன். உள்ளே வெயில் வந்தது. அருவி நூலாக இளைத்தது. பிறகு எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதினேன்: “அவன் தப்பாப் போடல. என்கிட்ட கேட்டுத்தான் போட்டான். நான் மலையப் பாக்காம சொல்லிட்டேன்.”

டெம்போக்காரர்தான் முதலில் பதில் எழுதினார்: “சரி அண்ணாச்சி. இனிமே பாத்துட்டுப் போடுங்க.”

என் பல்துலக்கும் பிரஷை மாடிப்படிப் பக்கத்து மாடத்திலேயே வைத்துவிட்டேன். நாளைக்கு என்ன எண் என்று இப்போதைக்குத் தெரியாது. ஏறிப் பார்த்துத்தான் போட வேண்டும்.