விழுந்தால் அழாத பிள்ளைகள்

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குட்டியும் சுகமா என்று போனில் கேட்டாலும் உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். அப்பாவின் முழங்கால் வலி தேவலை, வீட்டு வேலை சொன்னால் மட்டும் திரும்பி வந்துவிடுகிறது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றேன், நானே பார்க்கிறேன் என்று ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்தார், இப்போது சொட்டுவதில்லை, ஒழுகுகிறது.

போன வாரம் உன்மேல் கோபப்பட்டுப் போனைப் பட்டென்று வைத்துவிட்டேன், அது என் தப்பு. ஆனால் நீ பேசியதும் தப்புதான். மருமகள் வேலைக்குத் திரும்பப் போகிறாள், நான் வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து குட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாய், சரி, ஆசையாகக் கேட்டாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். அங்கயும் சும்மா பிள்ளைங்களைத்தானே பாத்துக்கிட்டு இருக்கே என்றாயே, எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருபத்தேழு வருஷமாக நான் சும்மா பார்த்த லட்சணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் சின்னவர்கள் அறை என் பொறுப்பு என்று உனக்குத் தெரியும், பன்னிரண்டு பிள்ளைகள், எல்லாம் மூன்று வயதுக்குள். எனக்கு உதவிக்கு இரண்டு பெண்கள். நாலு மாதத்துக்கு முன்னால் ஆய்வுக்கு ஓர் அம்மா வந்தார்கள், அதிகம் பேசாதவர்கள். குட்டி நாற்காலியில் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். அப்போது எங்கள் பட்டாணி, இரண்டு வயசு, அறையிலேயே சின்னவன், சறுக்கு மரத்தின் படியிலிருந்து தொப்பென்று விழுந்தான். விழுந்தவன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், எழுந்தான், போய்விட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்க பிள்ளைங்க விழுந்தா அழாதுங்க மேடம், அவ்வளவு தைரியமா வளர்த்திருக்கோம் என்று வாய் கொள்ளாமல் சொன்னேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இந்த அறையில இவனுக்குன்னு இருக்கறது யாரும்மா என்றார்கள். எல்லாரும்தான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. விழுந்த குழந்தைக்கு யாரிடம் போவது என்று தெரியவில்லை, மூன்று மாதத்தில் இதைச் சரிசெய்யாவிட்டால் அந்த அறைக்கு அனுமதி ரத்து. அடேயப்பா, அன்றைக்கு அந்த அம்மாவை நான் திட்டாத திட்டு இல்லை. ஆனால் மறுநாள் பட்டாணியைக் கவனித்தேன். விழுந்ததும் அவன் யாரையோ தேடத்தான் செய்தான். இரண்டு வருஷத்தில் ஆறு உதவியாளர்கள் வந்து போயிருக்கிறார்கள், யார் கை காலியோ அவர் ஊட்டுவார், யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவர் கழுவிவிடுவார். வேலை மளமளவென்று முடியும். பாவம், பிள்ளை எந்த முகத்தைத்தான் தேடும்? வீட்டுக்கு வந்து அழுதேன்.

அதன் பிறகு ஆளுக்கு நாலு பிள்ளை என்று பிரித்தோம். ஊட்டுவது, கழுவுவது, தூங்க வைப்பது, சாயங்காலம் பெற்றவளிடம் கொடுப்பது எல்லாம் ஒரே ஆள். பட்டாணி எங்கள் சுருட்டைக்குப் போனான், சுருட்டை முடியோடு துறுதுறுவென்று திரிவாளே, போட்டோவில் காட்டினேனே, அவள்தான். முதல் இரண்டு வாரம் கேட்காதே, அழாத பிள்ளைகள் அத்தனையும் அழுதன. சுருட்டை டீ குடிக்கப் போனால் இவன் கதவடியில் உட்கார்ந்து கத்துவான். கெடுத்துக் குட்டிச்சுவராக்கிவிட்டோம் என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன் கடையில் வேலை கிடைத்தது, ஏசி, உட்கார்ந்த வேலை, சம்பளமும் கூட. போகாதே என்று எந்த வாயால் சொல்வேன்? நேரே எங்கள் மேலாளரிடம் போனேன். இந்தப் பொண்ணு போனா அறையும் போயிடும், கூடவே நானும் போயிடுவேன், நல்லா யோசிச்சுக்குங்க என்றேன். சம்பளத்தை உயர்த்துகிறேன், பயிற்சிப் படிப்புக்கும் காப்பகமே பணம் கட்டும் என்றார். சுருட்டை இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டே வந்து, போன் கடையில யாரும் என்னைப் பாத்து ஓடி வரமாட்டாங்கக்கா என்றாள்.

போன திங்கட்கிழமை அதே அம்மா மறுபடி வந்தார்கள். பட்டாணி அதே படியிலிருந்து அதே மாதிரி தொப். ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தான், பிறகு கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஓர் அலறல். ஆய்வம்மாவைத் தாண்டி, என்னைத் தாண்டி, நேரே சுருட்டையின் மடியில் போய் விழுந்தான். அவள் ஏப்ரனில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அரை நிமிஷத்தில் திரும்பிப் போய் அதே படியில் ஏறினான். பிள்ளை அழுததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட கூட்டம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். நேற்றுக் கடிதம் வந்துவிட்டது, அறை இருக்கும்.

அதனால் நான் ஒரு மாதம் லீவு போட்டு வந்து குட்டியை அங்கே ஒரு காப்பகத்தில் பழக்கிவிட்டுத் திரும்புவேன், அதற்கு மேல் கேட்காதே. நல்ல காப்பகமாகப் பார். சுவர்ப் படத்தையும் தரை பளபளப்பையும் பார்த்து மயங்காதே. வேலை செய்கிறவர்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று கேள், தரையில் உட்காருகிறார்களா என்று பார். ஒரு மணி நேரம் இருந்தால் ஏதாவது ஒரு பிள்ளை விழும். அது யாரிடம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வா.

இன்னொன்று சொல்ல வேண்டும், எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. நீயும் விழுந்தால் அழாத பிள்ளைதான். உனக்கு மூன்று வயதில் நான் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். ஊரார் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவள் உன்னை ஒரு நாள் எதிர்வீட்டில், ஒரு நாள் மாடி வீட்டில், யார் கை காலியோ அங்கே விட்டுவிட்டுப் போனேன். சாயங்காலம் முட்டியில் காயத்தோடு பேசாமல் நிற்பாய். என் பையன் அழவே மாட்டான் என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தேனே, என்னை என்ன சொல்வது. போன மாதம் நீ பத்து நாள் காய்ச்சலில் கிடந்ததுகூட மருமகள் சொல்லித்தான் தெரியும். என்னிடம் நீ, நான் நல்லா இருக்கேன்மா என்றுதான் சொன்னாய்.

குட்டியின் தடுப்பூசித் தேதியை மறந்துவிடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்ந்தது. அடுத்த முறை விழுந்தால் எனக்குப் போன் போட்டு அழு, ராஜா. எனக்கு இப்போது அந்தச் சத்தம் பழகிவிட்டது.

என்றும் உன்னுடைய
அம்மா