ஜெரார்டின் இருபத்து மூன்று விமானங்கள்

செமிலிங், கெடா
14 மார்ச் 1983

தங்கை ஜெனவீவுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கணவரும் பிள்ளைகளும் சுகமாயிருப்பார்கள் என்று எண்ணுகிறேன். உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நாங்கள் ஜெரார்டைப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருந்த நான்கு நாட்களும் ஜொகூரிலிருந்து வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டதற்காக, உனக்கு நன்றி சொல்லும்படி உன் அண்ணி அகத்தா சொன்னாள். சொல்லிவிட்டேன்.

ஜெரார்ட் செய்ததில் நீ எடுத்துச் சென்ற நீல நிறக் கோர்செயர் விமானம் இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் இங்கு வந்து சேர வேண்டும். மறுநாள், பெரிய வியாழனன்று, ஜெரார்டைப் பத்து நாள் விடுப்பில் அழைத்து வருகிறோம். வந்ததும் அவன் முதலில் பார்க்கப்போவது அந்தக் கண்ணாடி அலமாரியைத்தான். அது காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று டாக்டரைக் கேட்டேன். முடிந்தவரை திரும்பச் சேருங்கள் என்று மட்டும் சொன்னார்.

"பிளாஸ்டிக் பொம்மைகள்" என்று எழுதியிருக்கிறாய். அவை எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், பிசகில்லாமல் செய்யப்பட்ட பழைய கடற்படைப் போர்விமானங்களின் மாதிரிகள். விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் இடம் போதாது என்பதால் அசல் விமானங்களில் பலவற்றுக்கு இறக்கை மடங்கும். ஒட்டிச் சேர்க்கும்படி பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளில் அதற்கு வழியில்லை. ஜெரார்ட் குண்டூசியை வெட்டிக் கீல் செய்தான். ஓர் இறக்கைக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆறு ஆண்டுகளில் இருபத்து மூன்று விமானங்கள். நீ ஊரெல்லாம் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிவரும் மனநோய் அவனைப் பிடிப்பதற்கு முன்பு செய்தவை.

நீ செய்ததை இரக்கம் என்கிறாய். நம் குடும்பத்தில் ஒருவருடைய உடைமைகளை எடுத்துப் பிறருக்குக் கொடுப்பது எப்போது என்பது உனக்குத் தெரியும். அப்பாவின் சட்டைகளை முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நாம் இருவரும்தான் கொடுத்தோம். அதே முறையில் கோயிலில் ஞானோபதேச வகுப்புக்கு வரும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ரொட்டியும் காப்பியும் கொடுத்து, ஆளுக்கொரு விமானத்தையும் கொடுத்திருக்கிறாய். என் மகனுக்கு இருபத்து நான்கு வயது. அவன் சாகவில்லை.

மூன்று நாட்கள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். தோட்டத்து லயத்து வீட்டில் மருதம்மாள், "சார், கோவிச்சுக்காதீங்க. கப்பல் பிளேன்னு அக்கா சொன்னாங்கலா, மெதக்கும்னு நெனச்சு எங்க வீட்டுப் புள்ள ஆத்துல விட்டுருச்சு. பொளக்குன்னு முழுகிப்போச்சு" என்றாள். அடுத்த வீட்டுப் பக்கிரிசாமி சிரித்தார். "என்னா சார், குடுத்தத திருப்பிக் கேக்க வந்துட்டீங்க? தெரிஞ்சிருந்தா கை நீட்டியிருக்க மாட்டோம்லா" என்றார். ஜெரார்ட் வருகிறான் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. "தம்பி வருதா? நெசமாவா? அக்கா அப்படிச் சொல்லலியே சார்" என்றார். நீ எப்படிச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

பதினெட்டு திரும்பி வந்துள்ளன. ஏழுக்கு இறக்கை ஒடிந்துவிட்டது. நான்கு இனிக் கிடைக்கா. அகத்தா எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழவில்லை. நானும் அழவில்லை. பள்ளிக்குப் போகிறேன், பாடம் நடத்துகிறேன், சாப்பிடுகிறேன். என்ன சாப்பிட்டேன் என்பது நினைவில் நிற்பதில்லை.

பார்வை நேரம் முடிந்து நாங்கள் எழுந்தபோது ஜெரார்ட் என் சட்டையைப் பிடித்து, "கோர்செயர் வால்ல கொக்கி லூசா இருக்குப்பா. யாரையும் தொட விடாதீங்க" என்றான். எட்டு மாதங்களில் அவன் எங்களிடம் முழுதாகப் பேசியது அவ்வளவுதான். சரி என்று வாக்குக் கொடுத்தேன். நீ பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியதும் அன்றுதான்.

ஆகவே அதைப் பஞ்சில் சுற்றி, பதிவுத் தபாலில் அனுப்பு. கொக்கி கழன்றிருந்தால் நீ ஒட்டாதே, தனியாகப் பொட்டலம் கட்டு. மன்னிப்புக் கடிதம் எதுவும் உள்ளே வேண்டாம். உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளுடன் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். பார்சலின் மேல் மட்டும் என் பெயரை எழுதாதே. ஜெரார்ட் என்று எழுது. தபால்காரர் சின்னையா எங்கள் வாசலில் நின்று அந்தப் பெயரை உரக்கக் கூப்பிடட்டும். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கேட்க வேண்டும். அவனுக்காக நான் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

உன் அண்ணன்,
ஏசுதாசன்