குக்கரில் வெந்த ஃபில்டர்

ஜூன் 4, புதன்

நாத்தனாருக்குப் பிரசவ நேரம். அத்தை இன்று காலை கிளம்பிப் போனார். வாசல்வரை போனவர், செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து மீன் தொட்டியை இன்னொரு தடவை பார்த்தார். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றவேண்டும், ஒரு சிட்டிகைக்கு மேல் சாப்பாடு போடக்கூடாது, மற்றபடி எதிலும் கை வைக்கவேண்டாம் என்றார். பெற்ற பிள்ளை பக்கத்திலேயே நிற்க, என்னிடம்தான் சொன்னார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னை நம்பி ஒப்படைத்தது இதுதான் முதல் தடவை. ஆறு தங்க மீன்கள். பெரியதற்கு மாப்பிள்ளை என்று பெயர். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் முன்னால் வந்து நிற்கும், மற்ற நேரம் முதுகைக் காட்டும்.

ஜூன் 7, சனி

ஃபில்டரைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஸ்பாஞ்சு முழுக்கப் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று என்னவோ. உள்ளே இருக்கும் பீங்கான் வளையங்களைத் தொட்டால் விரல் வழுக்குகிறது. ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் அறையில் எனக்கு வேலை. அங்கே ஒரு கத்தரிக்கோலில் இந்த அழுக்கில் ஒரு துளி இருந்தாலும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிடும். வீட்டில் இதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

ஸ்பாஞ்சைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். வளையங்களைக் குக்கரில் வைத்து நன்றாக விசில் விட்டேன். எங்கள் அறையில் இருக்கும் இயந்திரமும் பெரிய குக்கர்தானே. தொட்டித் தண்ணீரையும் முக்கால்வாசி மாற்றி, குளோரின் போக்கும் சொட்டு மருந்து விட்டேன். வளையங்கள் புதுப் பல் மாதிரி வெளுத்துவிட்டன. அத்தை வந்து பார்த்தால் அசந்துபோவார்.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டினேன். தண்ணீரே இல்லாத மாதிரி இருக்கிறது என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பசி என்று நினைத்து இன்னொரு சிட்டிகை போட்டேன். யாரும் தொடவில்லை. மாப்பிள்ளைகூடச் சாப்பிட வரவில்லை.

அத்தை போனில் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 12, வியாழன்

செவுள்கள் சிவந்திருக்கின்றன. ஒன்று அடியில் சாய்ந்தே கிடக்கிறது. வேலை முடிந்ததும் மீன் கடைக்கு ஓடி, தண்ணீரைச் சோதிக்கும் குப்பிகள் வாங்கிவந்தேன். அம்மோனியா இல்லையென்றால், மருந்து கலந்த குப்பித் தண்ணீர் மஞ்சளாக நிற்குமாம். எனக்குக் கரும்பச்சை.

கூட வந்த தாளைப் படித்தேன். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். செவுளை எரிக்கும். ஒரு வகை நுண்ணுயிர் அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்கும். அது கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்த இரண்டு கூட்டமும் பெரும்பாலும் குடியிருப்பது ஸ்பாஞ்சிலும் வளையங்களிலும்.

அந்தக் கொழகொழப்புதான் அவை. குடியும் குடித்தனமுமாக இருந்தவர்களைக் குக்கரில் போட்டு விசில் விட்டிருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

சின்னது போய்விட்டது. வெள்ளை வால் உள்ளது.

காலையிலேயே அழுகை. மீனுக்காகவா, அத்தைக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. அதே மாதிரி ஒன்று வாங்கிப் போட்டுவிட்டால் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்கிறார் இவர். தன் அம்மாவை இத்தனை வருடம் பார்த்தும் இவருக்கு இவ்வளவுதான் புரிந்திருக்கிறது. பிரசவம் முடியும்வரை போனில் எதுவும் சொல்லவேண்டாம் என்றார், அது மட்டும் நியாயம். வந்ததும் நானே சொல்வேன். புது மீன் கிடையாது.

பாதித் தண்ணீர் மாற்றினேன். சாப்பாட்டை நிறுத்தினேன். காற்று மோட்டாரை முழு வேகத்தில் வைத்தேன்.

ஜூன் 14, சனி

தண்ணீர் மாற்றினால் பச்சை கொஞ்சம் வெளுக்கிறது, விடிந்தால் பழையபடி. நுண்ணுயிர்கள் தானாகப் பெருக வாரக்கணக்கில் ஆகுமாம். அதுவரை இந்த ஐந்தும் தாங்குமா?

ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியிலிருந்து ஒரு அழுக்கு ஸ்பாஞ்சை எடுத்துவந்து போட்டால் சீக்கிரம் சரியாகும் என்று அந்தத் தாளிலேயே இருக்கிறது. கடைக்காரரிடம் ஒன்று கேட்டேன். தர மாட்டேன் என்றார். கடைத் தொட்டிகளில் தினமும் புது மீன் வருகிறது, நோயும் கூடவே வரும், தெரிந்த வீட்டில் வாங்குங்கள் என்றார்.

தெரிந்த வீடு ஒன்றுதான் இருக்கிறது. அக்கா வீடு. என் ஓரகத்தி. அவர்கள் தனிக்குடித்தனம் போனபோது அத்தை கொடுத்தனுப்பிய மீன்கள் அங்கே இன்னும் ஓடியாடிக்கொண்டிருக்கின்றன. அக்காவோடு நான் பேசி இரண்டு வருடமாகிறது. ஒரு விசேஷத்தில், சொந்தக்காரர் ஒருவரின் குழந்தையைத் தூக்கப் போனேன். எல்லோர் முன்னாலும் அக்கா சொன்னது, “அவகிட்டக் குடுக்காதீங்க, குழந்தையையும் வேக வெச்சு எடுத்துடுவா.” கூடமே சிரித்தது. குழந்தை இல்லாதவளிடம் சொல்லும் பேச்சா அது? நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் தபால்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

இப்போது அங்கே போய் என்ன சொல்வது? நீங்கள் சொன்னபடியே வேகவைத்துவிட்டேன் என்றா?

ஜூன் 15, ஞாயிறு

போனேன்.

மாப்பிள்ளை விடிந்ததிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. அதற்கு மேல் ரோஷம் பார்த்து என்ன ஆகப்போகிறது? ஸ்கூட்டரில் போகும்போது பேச வேண்டியதையெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அக்கா கதவைத் திறந்ததும் ஒன்றும் நினைவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

“அக்கா, ஃபில்டரைக் குக்கர்ல வேக வெச்சுட்டேன்.”

சிரிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சிரிக்கவில்லை.

“எத்தனை உசுரோட இருக்கு?”

“அஞ்சு.”

வா என்றுகூடச் சொல்லவில்லை. உள்ளே போய், முழங்கைவரை தொட்டிக்குள் கையை விட்டு, அத்தை முன்பு வெட்டிக்கொடுத்த கறுப்பு ஸ்பாஞ்சை உருவி, மூடிபோட்ட தூக்குவாளியில் அவர்கள் தொட்டித் தண்ணீரோடு போட்டார். உங்கள் மீன்களுக்கு வேண்டாமா என்று கேட்டேன். இன்னொரு ஸ்பாஞ்சு இருக்கிறது, போதும் என்றார். வாளியை வாங்கக் கையை நீட்டினேன். தரவில்லை. ஒரு கையால் வண்டி ஓட்டுவாயா என்று பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சிக்னலில் நின்றபோது காதருகே மெல்ல, “எத்தனை விசில் விட்டே?” என்றார். அவ்வளவுதான். நான் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. அக்கா வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கினார். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தும் நாங்கள் நகரவில்லை.

ஸ்பாஞ்சைப் போட்டபின் தரையிலேயே உட்கார்ந்து மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது அக்கா தொட்டியைப் பார்த்தபடியே, “அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வாயில வந்துடுச்சு. சொன்னப்புறம்தான் உன் முகத்தைப் பார்த்தேன்” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நானாவது ஒருதரம் போன் செய்திருக்கலாம் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

அம்மோனியா பச்சை வெளுத்து மஞ்சளுக்கு வருகிறது. ஆனால் வெளிர் நீலமாக இருக்கவேண்டிய நைட்ரைட் குப்பி ஊதா! முதல் கூட்டம் வேலைக்கு வந்துவிட்டது, இரண்டாவது கூட்டம் இன்னும் சோம்பல் முறிக்கிறது. நைட்ரைட் மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கிவிடும், அந்த ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது, தண்ணீரில் எவ்வளவு காற்று இருந்தாலும் மூச்சு முட்டும். மீதித் தாளையும் வரி விடாமல் படித்தேன். கொஞ்சம் உப்பு கரைத்து விட்டால் நைட்ரைட் செவுள் வழியாக ஏறுவது குறையும். விட்டேன். தண்ணீரும் மாற்றினேன்.

அக்கா போனில் எடுத்த எடுப்பில், “என்ன கலர்?” என்றார்.

ஜூன் 18, புதன்

நாத்தனாருக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். ஊதா அப்படியே.

ஜூன் 20, வெள்ளி

மாப்பிள்ளை நிமிர்ந்துவிட்டது. என்னைப் பார்த்து முதுகைத் திருப்பியது. எவ்வளவு சந்தோஷம்.

ஜூன் 24, செவ்வாய்

அம்மோனியா மஞ்சள். நைட்ரைட் வெளிர் நீலம். இரண்டும் பூஜ்யம். நம்பிக்கை வராமல் மறுபடி சோதித்தேன், மறுபடியும் பூஜ்யம். குப்பிகளைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். இவ்வளவு நாளும் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டே திரிந்திருக்கிறேன் போல, இப்போதுதான் இறங்கியது. ஒரு சிட்டிகை போட்டேன். அடித்துப்பிடித்துச் சாப்பிட்டன.

ஃபில்டர் பழையபடி கொழகொழவென்று ஆகத் தொடங்கியிருக்கிறது. பார்த்தால் இன்னும் கை பரபரக்கத்தான் செய்கிறது. பொய் சொல்வானேன்.

ஜூன் 29, ஞாயிறு

அத்தை வந்துவிட்டார். பையைக் கீழே வைப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குக்கர், கொதிநீர், போனில் சொன்ன பொய், வெள்ளை வால். அவர் நேராகத் தொட்டிக்குப் போனார். வெள்ளை வால் இருந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வருத்தம்தான், முகத்திலேயே தெரிந்தது. நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

பிறகு குனிந்து ஃபில்டரைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இது பெரியவ வீட்டு ஸ்பாஞ்சாச்சே.”

“ஆமா அத்தை. நானே போய்க் கேட்டேன். அக்காவும் கூடவே வந்தாங்க. இப்போ தினம் பேசிக்கறோம்.”

அத்தை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபடி துடைத்துக்கொண்டார்.

“இது தெரிஞ்சிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே உன்னை ஃபில்டரைக் கழுவச் சொல்லியிருப்பேனே.”

அதற்கப்புறம்தான் பேத்தியின் படத்தை எடுத்துக் காட்டினார்.