ஏழ்கண் மதகின் பொருட்டு மோதிரம் கவிழ்த்தவள் விடுத்த விடையோலை

ஆறு வாழ்க. ஆறு செல்லும் வழி வாழ்க. அவ்வழியின் கடைக்கோடியில் வாய்க்காலைப் பார்த்துக் காத்திருப்போர் வாழ்க.

தண்பொழில் நாட்டுப் பேரவையில் எதிருரை இருக்கையைப் பதினோராண்டு வகித்தவளும், ஓடைமங்கலம் உடையாளும், இவ்வாண்டு வசந்த விழாவின் மறைசீட்டுப் போரில் எழுபத்தொன்பதின்மரை வென்று வாகை சூடியவளும், நேற்று முற்பகல் அவ்வனைத்தையும் ஒரே மூச்சில் தோற்றவளுமாகிய ஆதிச்சி நங்கை, தாழையூர் உடையாரும், சொல் தவறாதார் என்று தம் வாயிற்கல்லில் பொறித்து வைத்திருப்பவரும், எம் மறைந்த கணவரின் இளவலும், எதிருரை இருக்கைக்கு இனி உரியவரென வேந்தரால் குறிக்கப்பட்டவருமாகிய ஏறன் கண்டனார்க்கு விடுக்கும் விடையோலை. தாழையூரின் தோப்புகளும் தொழுவங்களும் ஓங்குக. அவ்வூர்க் கிணறுகள் வற்றாதிருக்க. இந்த வாழ்த்தை மரபுக்காக எழுதவில்லை. அவ்வூர்ப் பெண்கள் கோடையில் குடம் சுமக்கும் தொலைவை அறிந்தே எழுதுகிறோம்.

கண்டனாரே, இருக்கையை விட்டுச் செல்பவர் எழுதும் ஓலையை, இருக்கைக்கு வருபவர் அவை நடுவே நின்றுகொண்டு உரக்க வாசித்து முடிக்க வேண்டும் என்பது நம் நாட்டு மரபு. ஒரு சொல்லையும் விழுங்க இயலாது. இதன் படி ஒன்று அவை எழுத்தர் கையில் இருக்கிறது. ஆகவே இதை உமக்கு எழுதினாலும், வேந்தர் கேட்கவும், அவையோர் நாற்பத்தெண்மர் கேட்கவும், வாயிலில் நிற்கும் குடிகள் கேட்கவும் எழுதுகிறோம். அவையோர் அறிந்ததையே சில இடங்களில் மீண்டும் சொன்னால் அது அக்குடிகளுக்காக என்று கொள்க. உம் குரல் நல்ல குரல். தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே வாசிப்பீராக.

வேந்தர் செழுமுடிக்கோன் அவையில் வைத்த ஆணை இது. ஏழ்கண் மதகின் திறவுகோல் இதுவரை ஒன்பது ஊர்ச் சபைகளின் கையில் முறைவைத்து இருந்தது. இனி அது அரண்மனைக் கருவூலத்தில் இருக்கும். மதகு எப்போது திறக்கும், எத்தனை கண் திறக்கும் என்பதை அரண்மனை சொல்லும். ஆணையின் வாசகத்தில் இது காவலின் பொருட்டு என்றிருந்தது. புதிய நீராழி மண்டபத்துக் குளத்தை நிரப்புவதன் பொருட்டு என்று கொத்தனார்கள் வரை அறிவார்கள். அக்குளம் நிரம்பும் ஆண்டில் கடைமடை ஊர்கள் ஒன்பதிலும் நாற்று கருகும். அவ்வொன்பதில் தாழையூரும் ஒன்று என்பதை உமக்கே நினைவூட்டும் நிலை எமக்கு வந்திருக்கிறது.

வேந்தர் ஆணையை மறுக்கும் உரிமை இந்நாட்டில் ஒருவருக்கே உண்டு. எதிருரை இருக்கையில் இருப்பவர் தம் மோதிரத்தைக் கழற்றி அவைக்கல்லின்மேல் கவிழ்த்து வைத்து, உடன்படுவோர் எழுக என்று கேட்கலாம். நாற்பத்தெண்மரில் இருபத்தைவர் எழுந்தால் ஆணை அப்போதே மடியும். ஒருவர் குறைந்தாலும் மோதிரம் வைத்தவர் மறுநாள் விடியலில் ஆற்றைக் கடந்து போய்விட வேண்டும். பிறகு இக்கரையில் கால் வைக்கலாகாது. உரிமையைக் கொடுத்துவிட்டு அதன் பக்கத்திலேயே தோணியையும் கட்டி வைத்தார்கள் நம் முன்னோர். அதனால்தான் எம் பதினோராண்டில் யாம் பேசினோம், வாதாடினோம், சில நாள் கத்தவும் செய்தோம், மோதிரத்தைத் தொட்டதில்லை.

இம்முறை தொட்டோம். ஏன் தொட்டோம் என்பதை இனி நான் என்றே எழுதுகிறேன். இருக்கை போன பின் யாம் என்பது ஏது?

விழாவிற்குப் பத்து நாள் முன்பு, இவ்வாணை வரப்போவதைக் கேள்விப்பட்டு, என் இல்லத்தில் இருபத்தெழுவர் கூடி உப்பின்மேல் கைவைத்து எழுவோம் என்றனர். கடைசியாகக் கைவைத்தவர் நீர். மதகு போனால் தாழையூரே போயிற்று என்றும், அண்ணியார் மோதிரம் கவிழ்த்தால் முதலில் எழும் தலை தம்முடையதே என்றும், அண்ணார் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார் என்றும் சொன்னீர். கண் கலங்கினீர் என்பதும் என் நினைவில் இருக்கிறது. அன்று நான் வேண்டியதற்கு மேல் இருவர் இருந்தனர்.

பின் விழா வந்தது. மறைசீட்டுப் போரை அறியாத அயலூரார் வாயிலில் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதின்மர், ஆளுக்கு நூறு சோழி, வெளியே அவற்றுக்கு ஒரு விலையும் இல்லை. ஆளுக்கு ஐந்து ஓலைச்சீட்டு, பிறர் காணாதபடி. கையில் உள்ளதை நம்புகிறவர் சோழியை நடுவே தள்ளுவார். நம்பாதவர் சீட்டை வைத்துவிட்டு ஒதுங்குவார். கையில் ஒன்றுமில்லாமலே நிறையத் தள்ளி எதிரியை ஒதுங்க வைப்பவரும் உண்டு. சோழி தீர்ந்தவர் எழுந்து போக வேண்டும். மூன்றாம் நாள் இறுதியில் எஞ்சும் ஒருவருக்கு வாகை. அரசன் ஆண்டி வேறுபாடு அப்பலகையில் மட்டும் கிடையாது. வேந்தரும் நூறு சோழியோடுதான் உட்காருவார். நான் அவ்வாட்டத்தை இருபது ஆண்டு ஆடியவள். என் கையில் வந்த சீட்டால் நான் வென்றது குறைவு. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து வென்றதே மிகுதி.

மூன்றாம் நாள் வேந்தரும் நீரும் நானும் ஒரே பலகையில் அமர்ந்தோம். வேந்தர் பொறுத்தருள்க: தங்கள் கையில் ஒன்றுமில்லாதபோது தாங்கள் இடக்காதுக் குண்டலத்தைத் திருகுகிறீர்கள். அன்று மும்முறை திருகினீர்கள். மும்முறையும் கை வெறுமையே. நான்காம் முறை திருகியபோது என் சோழி முழுவதையும் நடுவே தள்ளினேன். என் கையிலும் பெரிதாக ஒன்றுமில்லை. தாங்கள் வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு ஒதுங்கினீர்கள். அதன்பின் தங்கள் சோழி தேறவில்லை. விழாப் பந்தல் அதிர்ந்தது. அந்த ஆரவாரம்தான் என்னைக் கெடுத்தது.

ஏனெனில் அதே பலகையில் நான் கண்டும் காணாதது ஒன்று உண்டு, கண்டனாரே. அதற்குச் சற்று முன்பு வேந்தர் குண்டலத்தைத் திருகியபடி முப்பது சோழி தள்ளினார். நீர் உம் சீட்டை நெடுநேரம் பார்த்தீர். பிறகு வைத்துவிட்டு ஒதுங்கினீர். அடுத்துச் சீட்டைக் கலைக்கும் முறை என்னுடையது. ஒதுங்கியவர் சீட்டைப் பார்க்கலாகாது என்பது விதி; நான் பார்த்தேன். இதற்காக என்னைப் பலகையிலிருந்து விலக்கலாம், விலக்கட்டும். உம் கையில் மூன்று யானை இருந்தன. ஆட்டம் முழுவதிலும் அதற்கு மேலான கை யாரிடமும் வரவில்லை. வேந்தரிடம் ஒன்றுமில்லை என்பதும் உமக்குத் தெரியும். குண்டலத்தைப் பற்றி உமக்குச் சொன்னவளே நான்தான். ஆனாலும் ஒதுங்கினீர். பதினொரு சோழியை மடியில் வைத்துக் காத்து, மாலைவரை தாக்குப்பிடித்து, நான்காமவராக எழுந்தீர். கொழுந்தனார் பொறுமைசாலி என்று நான் பந்தலில் நின்று பலர் கேட்கப் புகழ்ந்தேன். என் இருபது ஆண்டு ஆட்டத்தில் இதைப்போல் ஒரு முட்டாள்தனம் செய்ததில்லை.

நேற்று அவையில் ஆணை வாசிக்கப்பட்டது. நான் வேந்தரையே பார்த்திருந்தேன். வாசிப்பு பாதியைத் தாண்டியபோது அவர் கை இடக்காதுக்குப் போயிற்று. குண்டலத்தைத் திருகினார். அவரிடம் ஆள் இல்லை, என்னிடம் இருபத்தெழுவர் என்று கணக்கிட்டு, எழுந்து, மோதிரத்தைக் கவிழ்த்து, எழுக என்றேன்.

இருபத்து நால்வர் எழுந்தனர்.

நீர் எழவில்லை. உம்மைப் பார்த்து உம் இருபுறமும் இருந்த இருவரும் எழவில்லை. எழுத்தர் ஒருமுறை எண்ணிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, இரக்கத்தால் இன்னொருமுறை எண்ணினார். நீர் உம் மேலாடையின் நுனியைப் பிரித்துக்கொண்டிருந்தீர். அந்த நுனி இன்னும் என் கண்முன் நிற்கிறது.

தாழையூருக்கு மட்டும் தனி வாய்க்கால் என்றும், எதிருரை இருக்கையும் உமக்கே என்றும் வாக்குப் பெற்றிருந்தீர் என நேற்று மாலை அறிந்தேன். வெறுப்பைவிட வியப்பே முதலில் வந்தது. ஏனெனில் வேந்தரின் குண்டலம் பொய் சொல்லவில்லை. உமக்கு வாக்குக் கொடுத்த பின்னும், நீர் உட்கார்ந்திருப்பீர் என்று அவர் உறுதியாக நம்பவில்லை. கையில் ஒன்றுமில்லாதவர்போல் அஞ்சியே அமர்ந்திருந்தார். நீர் எழுந்திருந்தால் உம்மோடு அவ்விருவரும் எழுந்திருப்பர். வேந்தர் தலையசைத்து ஆணையைச் சுருட்டியிருப்பார். மூன்று யானையை வைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் ஒதுங்கினீர். உம்மைக் கைக்கொண்ட வேந்தரும் உம்மை நம்பவில்லை, நம்பியவள் நான் ஒருத்தியே.

என் பிழையை மறைக்கவில்லை. எதிரியின் முகத்தைப் படிப்பதில் எனக்கிருந்த செருக்கில் என் பக்கத்து முகங்களைப் படிக்க மறந்தேன். பலகையில் நான் தள்ளிய சோழி எதுவும் எழுந்துபோய் எதிரியின் மடியில் உட்கார்ந்ததில்லை. அவையிலும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டேன். துணிந்ததற்கு வருந்தவில்லை. பதினோராண்டு துணியாமல் இருந்ததற்கு வருந்துகிறேன். முன்பே ஒருமுறை மோதிரத்தைத் தொட்டிருந்தால் உம்மை முன்பே அறிந்திருப்பேன்.

நீர் இதை வாசிக்கும்போது நான் அக்கரையில் இருப்பேன். ஓடைமங்கலத்து வீட்டில் உம் அண்ணாரின் படத்துக்கு விளக்கேற்ற ஆள் சொல்லியிருக்கிறேன், உம்மை வேண்டவில்லை.

இனி என் கட்டளை. அதற்கு முன் மரபில் ஒன்றைக் குடிகளுக்கு நினைவூட்ட வேண்டும். முதல் எண்ணிக்கை மோதிரம் வைத்தவரின் விதியை முடிக்கும். அது முடிந்தது, என்ன நேர்ந்தாலும் நான் திரும்பப் போவதில்லை. ஆனால் ஆணைக்கு வேந்தர் முத்திரை இடுவது இரண்டாம் எண்ணிக்கைக்குப் பிறகே. விடையோலை வாசிக்கையில் முன்பு எழுந்தவர்கள் விடைகொடுக்க மீண்டும் எழுந்து நிற்பர். கடைசிச் சொல் முடியும்போது அவையோருள் நிற்பவர் எத்தனை பேர் என்று எழுத்தர் எண்ணுவார்; இருபத்தைவர் நின்றால் முத்திரை விழாது. இரண்டு எண்ணிக்கையும் இதுவரை வேறுபட்டதில்லை. ஆதலால் இரண்டாவதை எல்லாரும் வெறும் சடங்காகவே கொண்டனர். அது வேறுபடாததற்குக் காரணம் உண்டு: இருக்கைக்கு வந்தவர், ஓலையை நின்று வாசித்தவர், எப்போதும் முன்பே எழுந்தவர்களுள் ஒருவராகவே இருந்தார். உட்கார்ந்திருந்தவருக்கு எதிருரை இருக்கையைக் கொடுப்பது இந்நாட்டில் இதுவே முதன்முறை. அப்படியும் ஒருவர் வாங்கிக்கொள்வார் என்று மரபை வகுத்தவர்கள் நினைக்கவில்லை. அப்படி வாங்குகிறவர் நின்றுதான் வாங்க வேண்டும் என்பதை வேந்தரின் அமைச்சர்களும் நினைக்கவில்லை.

இப்போது நின்றுகொண்டிருக்கிறீர், கண்டனாரே. உம்மைச் சுற்றி இருபத்து நால்வர் நிற்கின்றனர்.

கடைசிச் சொல்வரை நின்று வாசித்தால் இருக்கை உமக்கு, இருபத்தைந்தாம் தலையும் நீரே, ஆணை மடியும், திறவுகோல் ஊர்களிடமே இருக்கும். அதற்குமுன் உட்கார்ந்தால் ஆணை நிற்கும். ஆனால் ஓலை முடியாமையால் இருக்கை உமக்கில்லை. தனி வாய்க்கால் வாக்கை வேந்தர் காப்பாரா என்பதை அவர் காதைப் பார்த்து நீரே முடிவு செய்க. இரண்டையும் சேர்த்துத் தருவதாக உமக்குச் சொன்னவர்கள் இந்த ஓலையை எண்ணாமல் சொல்லிவிட்டனர்.

நீர் நின்றால் உம்மையே குடிகள் தோளில் தூக்குவர். மதகைக் காத்தவர் ஏறன் கண்டனார் என்று கல் நடுவர். நான் செருக்கால் தோற்று ஓடியவள் என்றே பேசப்படுவேன். இதை எழுதும்போது வாய் கசக்கிறது. கசந்தாலும் எழுதுகிறேன், என்னிடம் எஞ்சியிருக்கும் ஒற்றைச் சோழி இதுதான், அதையும் நடுவே தள்ளிவிட்டேன். ஒன்பது ஊரின் நாற்று நடவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

எதிருரை இருக்கையின் பெயரால், கவிழ்ந்து கிடக்கும் மோதிரமே முத்திரையாக, இதுவே இறுதிக் கட்டளை. தாழையூர் உடையார் தம் கையில் உள்ளதை ஒருமுறையேனும் ஆடக் கடவர். வேந்தர் தம் இரு கைகளையும் அரியணையின்மேல் வைத்துக்கொள்ளக் கடவர். வாயிலில் நிற்கும் குடிகள் கண்டதை ஊரில் போய்க் கண்டபடி சொல்லக் கடவர்.

எழுத்தரே, தலைகளை எண்ணுக.