புது மாடல் வருகிறதென்று எழுதியவருக்கு

786

திருப்பாலைக்குடி
5-3-1958, புதன்

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, உம்மு ஹபீபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே மாமியும் மகள் குல்சுமும் நானும் சுகம். உங்கள் சுகம் கேட்டு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. பெரம்பூரில் தபால்காரரே கிடையாதா, இல்லை, புது மோட்டார் சைக்கிள் மயக்கத்தில் பெண்டாட்டி பெயர் மறந்துவிட்டதா?

உங்கள் தென்றல் கம்பெனியின் மூன்று புது மாடல்களையும் வரைந்து அனுப்பினீர்களே, அந்தப் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். எது உசத்தி என்று தினமும் நம் வீட்டில் வழக்கு நடக்கிறது. நானும் சும்மா இருக்கவில்லை. நடுவில் நிற்கும் கறுப்பு வண்டிதான் ராஜா, அதன் பெட்ரோல் டாங்கியில் தங்கக் கோடு போடுவது எங்கள் வீட்டுக்காரர் கைதான் என்று எல்லாரிடமும் அளந்தேன். மொத்தமே இருபது பேர் வேலை பார்க்கிற சின்னக் கம்பெனி என்பதை மட்டும் சொல்லவில்லை. முதல் வண்டியை ஓட்டிப் பார்க்க என்னிடமே தருவார்கள், நோன்புக்கு முன்னால் அதிலேயே ஊருக்கு வருவேன் என்று நீங்கள் எழுதியிருந்ததை நாலு வீட்டில் வாசித்தும் காட்டினேன். இப்போது தேவிபட்டினம் சாலையில் தூசி கிளம்பினாலே ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

எனக்கு மட்டும் உள்ளூரப் பயம். நம் மணல் ரோட்டில் சைக்கிளே சறுக்குகிறது. உங்களுடையது வள்ளத்துக்குப் பெயின்ட் அடித்துப் பழகிய கை, வண்டி பிடித்த கை இல்லை. வேகமாக ஓட்ட வேண்டாம்.

மதார் மாமாவின் புது வள்ளம் கரையிலேயே கிடக்கிறது. "அலியாரு வந்து பேரு எழுதாம நான் கடல்ல எறக்கமாட்டேன்" என்று உங்களுக்காகப் பிடிவாதம் பிடிக்கிறார். சீனி முகம்மது காக்கா கருவாடு விற்கப் பட்டணம் போயிருக்கிறார். உங்களைப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன். இன்றைய தபால் போய்விட்டது. நாளைக்குத்தான் இதைச் சேர்க்க வேண்டும்.

7-3-1958, வெள்ளி

இதை நேற்றுச் சேர்க்கவில்லை. மேலே எழுதியதைக் கிழித்துப் போட நினைத்தேன், மனம் வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.

காக்கா நேற்றுத் திரும்பிவிட்டார். கம்பெனிக் கதவில் பொங்கலிலிருந்து பூட்டுத் தொங்குகிறதாம். வெளிநாட்டிலிருந்து எஞ்சின் வந்து சேரவில்லை என்று காவல்காரர் சொன்னாராம். கதவு இடுக்கு வழியாகக் காக்கா பார்த்திருக்கிறார். ஆறு வண்டிகள் எஞ்சின் இல்லாமல் வரிசையாக நிற்கின்றனவாம். டாங்கிகளில் தங்கக் கோடு மட்டும் பளபளவென்று இருந்ததாம். பிறகு உங்கள் அறைக்குப் போயிருக்கிறார். தினமும் காலையில் தூக்குச்சட்டியும் பிரஷ்ஷுமாக வேலைக்குப் போகிறவர் போலக் கிளம்பி, பொழுது சாய்ந்துதான் வருகிறீர்கள் என்று பக்கத்து அறையில் இருக்கும் அம்மா சொன்னாராம். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் காக்காவால் காத்திருக்க முடியவில்லை.

மச்சான், உங்கள் கடைசிக் கடிதத்தில் பிப்ரவரி இரண்டாம் தேதி போட்டிருக்கிறது. 'இன்னும் பத்து நாளில் புது மாடல் வெளியே வந்துவிடும்' என்று எழுதியிருக்கிறீர்கள். பூட்டுத் தொங்கிய பிறகு எழுதியது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் அந்தத் தூக்குச்சட்டியை நினைத்து அழுதேன். அதில் என்ன கொண்டுபோகிறீர்கள்? எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்?

உங்களை எனக்குத் தெரியாதா? நீங்கள் அடித்த பெயின்ட் ஒரே மாதத்தில் உரிந்துவிட்டது என்று எவரோ சொன்னதற்கு, நாகூர் போய்ப் பன்னிரண்டு நாள் வராமல் இருந்தவர்தானே. ஊரே சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பஸ்ஸில் வந்து இறங்க உங்களுக்குக் கால் வராது. அந்தப் பெருமையை ஊதிப் பெரிதாக்கியவள் நான். பினாங்குக் கப்பலுக்கு எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று பக்கத்து அறை அம்மாவின் வீட்டுக்காரரிடம் விசாரித்தீர்களாமே. பினாங்கு போன என் பெரியாப்பா இன்றுவரை திரும்பவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். காக்காவிடம் யாருக்கும் சொல்வதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டேன். இன்று ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மதார் மாமா வீட்டுக்குப் போனேன். பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். 'மோட்டார் சைக்கிள் என்றாலே எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது, அதில் வந்தால் வாசற்படி ஏறக்கூடாது என்று அவருக்குக் கண்டிப்பாக எழுதிவிட்டேன்' என்று சொன்னேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மதார் மாமா தேடி வந்து, "ஏம் புள்ள, நம்மூருக்கு வர இருந்த நல்ல வண்டிய இப்பிடிக் கெடுத்துப்புட்டியே" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். மாமி என்னோடு பேசவில்லை. வாப்பா வண்டியை நான் நிறுத்திவிட்டேன் என்று குல்சும் சாப்பிட மறுக்கிறாள். ஏசட்டும். நாலு நாள் ஏசிவிட்டு மறந்துவிடுவார்கள்.

படத்தைக் கதவிலிருந்து எடுத்து என் குர்ஆனுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்தக் கம்பெனி திறந்தால் திறக்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போது பிரஷ்ஷுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள். மதார் மாமாவின் வள்ளம் பெயர் இல்லாமல் காத்துக் கிடக்கிறது.

வண்டி எங்கே என்று யாராவது கேட்டால், பெண்டாட்டி பயந்து தடுத்துவிட்டாள் என்று சொல்லுங்கள். அதில் பொய் கொஞ்சம்தான். நான் ரொம்பவே பயந்துபோய் இருக்கிறேன், மச்சான். நோன்புப் பிறை தெரிவதற்குள் அல்லாஹ் உங்களை நம் வாசலில் கொண்டுவந்து சேர்ப்பானாக.

உங்கள் வரவைத் தவிர வேறு எதுவும் கேட்காத,
உம்மு ஹபீபா